முகமறிதலும் எழுத்தறிதலும்

முகமறிதலும் எழுத்தறிதலும் மூளையின் பார்வைப் பகுதியில் அருகருகே நடைபெறும் இரு செயல்கள் ஆகும். முகம் அறியும் திறன் குழந்தைக்குப் பள்ளி செல்வதற்கு முன்பே வந்துவிடுகிறது. எழுத்தறியும் திறனோ கற்பித்தால்தான் வரும். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. எனவே படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் அமைந்திருக்க வழியில்லை. உருவங்களைப் பிரித்தறியும் பழைய பகுதியே பயிற்சியால் எழுத்தையும் அறியப் பழகுகிறது.

மூளையில் இடம்

1892இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டெஜரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளைப் பாதிப்புக்குப் பின் அவரால் எழுத முடிந்தது. தாம் எழுதியதையே படிக்க முடியவில்லை. எழுத்தறிதலுக்கு மூளையில் குறிப்பிட்ட இடம் உண்டு என்பதை இது காட்டியது. முகங்களுக்குச் சிறப்பாகச் செயல்படும் பகுதியை 1997இல் நான்சி கன்விஷர் குழுவினர் விவரித்தனர். அது மூளையின் அடிப்பரப்பில், வலப்பக்கத்தில் வலுவாக உள்ளது. எழுத்துக்கான பகுதியை 2000இல் லோரன் கோஹன், ஸ்தானிஸ்லாஸ் டெஹான் ஆகியோர் இடப்பக்கத்தில் அடையாளம் கண்டனர். பிரெஞ்சு, சீனம், வலமிருந்து இடமாக எழுதும் எபிரேயம் என எதைப் படித்தாலும் அப்பகுதி ஏறத்தாழ ஒரே இடத்தில் அமைகிறது.

படிப்பு முகமறிதலைக் குறைக்குமா?

2010இல் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரிடம் டெஹான் குழுவினர் ஆய்வு செய்தனர். படிப்புத் திறன் கூடியபோது, இடப்பக்கப் பகுதி முகங்களுக்குக் காட்டும் செயல்பாடு சற்றுக் குறைந்திருந்தது. இதனால், எழுத்து முகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. 2019இல் லக்னோ அருகே, எழுத்தறியாதவர் முதல் நன்கு படித்தவர் வரை தொண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் அத்தகைய இழப்பு காணப்படவில்லை.

இடவல வேறுபாடு

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் மேயும் வேம்பூர் ஆட்டின் வெள்ளை உடலில் செம்பழுப்புப் பொட்டுகள் இருக்கும். திருச்சுழிப் பக்கத்து மேய்ப்பவருக்கு ஓர் ஆடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் அதே ஆடுதான். முகமும் அப்படியே. ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகக் கொள்வது கண்ணின் இயல்பான பழக்கம்.

ஆங்கிலம் இப்பழக்கத்தை மாற்றச் சொல்கிறது. அதன் சிறிய எழுத்துகளில், வட்டத்தின் இடப்பக்கம் கோடு நிமிர்ந்து நின்றால் 'பி'. வலப்பக்கம் நின்றால் 'டி'. தமிழில் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்றாக அமையும் எழுத்துகள் இல்லை. எரிக் பெடர்சன் தமிழர்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்கிறது. உருவங்களின் இடவல வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில், தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தனர். தமிழுடன் ஆங்கில எழுத்தும் அறிந்தவர்களே அவ்வேறுபாட்டைக் கவனித்தனர்.

பேச்சும் எழுத்தும்

அருப்புக்கோட்டையில் நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுவதுண்டு. அவ்வீட்டுப் பிள்ளை பள்ளியில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் படிக்கிறது. வீட்டில் பேசும் மொழியின் எழுத்து தானாகப் பழகிவிடாது. தெலுங்கு படிப்போரையும் மலையாளம் படிப்போரையும் ஒப்பிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படித்துப் பழகிய எழுத்தில்தான், சேர்ந்து நிற்கும் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும் திறன் கூடியிருந்தது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புப் பிள்ளை 'பி'யை 'டி' என்று எழுதுவது மந்தபுத்தியும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. ஆட்டையும் முகத்தையும் சரியாக அறிந்த அதே கண்ணின் பழக்கம்தான் அங்கே வெளிப்படுகிறது. அதற்காகப் பிள்ளையை அடிப்பதில் பொருளில்லை. இவ்விரு எழுத்துகளையும் ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்று நன்கு பதிந்தபின் மற்றொன்றைத் தொடங்கலாம். மணலிலும் பலகையிலும் விரலால் எழுதிப் பழக்கினால் கோடு நிற்கும் பக்கம் கைக்கும் பதியும். எட்டு வயதுக்குப் பின்னும் இக்குழப்பம் நீடித்து, படிப்பதும் கடினமாக இருந்தால் கற்றல் குறைபாடு உண்டா என்று வல்லுநரிடம் காட்டுவது நல்லது. எழுத்தை மாற்றி எழுதுவது மட்டுமே அக்குறைபாட்டின் அறிகுறி ஆகாது.