ஆளை விட்டுவிட்டு முன்பதிவைப் பாருங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஓக்லண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒரிண்டா என்னும் சிற்றூர். 2019 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவுக்காக அங்குள்ள நான்கு படுக்கையறை வீடு ஒன்று ஏர்பிஎன்பி தளத்தின் வழியே வாடகைக்குப் போனது. காட்டுத்தீயின் புகை தாங்கவில்லை, குடும்பத்தில் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள், ஓர் இரவு தங்கினால் போதும் என்று கேட்டவர் சொன்னார். வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. பார்ட்டி கூடாது என்று நினைவூட்டிவிட்டே சம்மதித்தார். அன்றிரவு அந்த வீட்டில் நூறு பேருக்கு மேல் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். பண்டிகை இரவு, ஒரே நாள், பெரிய வீடு என்று அந்த முன்பதிவிலேயே எச்சரிக்கை இருந்தது. நெஞ்சைத் தொட்ட ஒரு கதை அதை மறைத்துவிட்டது.

நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள், கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவரானாலும் சரி, முதலில் கேட்பது மோசமான விருந்தினரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான். அந்தக் கேள்வியே தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பது என் கருத்து. முகத்தையும் பேரையும் பேச்சையும் வைத்து ஆளை எடைபோடும் திறமை நமக்கு இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வெளிப்படுவது பெரும்பாலும் நம் முன்முடிவுதான். ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஏறக்குறைய 6,400 வீட்டுக்காரர்களுக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்த்தார்கள். பெயரைத் தவிர வேறெதிலும் வித்தியாசமில்லை. கறுப்பினத்தவருக்கு உரியதாகத் தோன்றும் பெயர் இருந்தால் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் குறைந்தது. இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். நம் ஊரில் சாதியும் மதமும் கேட்டு வீட்டை மறுப்பதும் இதே அநியாயம்தான். பாதுகாப்பு என்ற பெயரில் அதை நியாயப்படுத்த முடியாது.

சரி, முந்தைய வீட்டுக்காரர்கள் எழுதிய மதிப்புரையை நம்பலாமே என்றால், அதிலும் பெரிய ஓட்டை உண்டு. மறுபக்கத்தில், விருந்தினர்கள் வீடுகளுக்குத் தரும் மதிப்பெண்ணைப் பாருங்கள். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் பார்த்தபோது, ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 சதவீதத்துக்குச் சராசரி மதிப்பெண் நான்கரை அல்லது ஐந்து நட்சத்திரம். கிட்டத்தட்ட எல்லாரும் முதல் மதிப்பெண் வாங்கும் தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது. தான் குறை சொன்னால் பதிலுக்குக் குறை வருமோ என்ற அச்சம் இருபக்கமும் இருக்கிறது. 2014-இல் இருந்து, இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் ஆகும்வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் முகம் பார்த்துப் பழகிய மனிதரைப் பற்றிக் கடுமையாக எழுதப் பலருக்குக் கை வருவதில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது முன்பதிவை. ஏர்பிஎன்பியே இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. 2020 ஆகஸ்டில் உலகெங்கும் பார்ட்டிகளைத் தடைசெய்தது. 2022-இல் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் கொண்டுவந்த சோதனை முறை, எத்தனை இரவு, வார இறுதியா, கடைசி நேரத்தில் பதிவானதா, கேட்பவர் எவ்வளவு தொலைவில் இருப்பவர் என்பவற்றைப் பார்க்கிறது. தனி வீட்டுக்காரரும் இதைச் செய்யலாம். பண்டிகை இரவுகளுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் கட்டாயம் என்று வைக்கலாம். அன்றைக்கே பதிந்து அன்றைக்கே வருவதை முழு வீட்டுக்கு நிறுத்திவைக்கலாம். ஆள் எண்ணிக்கையையும் வெளியாட்கள் வருவதையும் பற்றிய விதியை வாடகைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதலாம். இதில் நல்லவர்களும் அடிபடுவார்களே, வீட்டில் மராமத்து நடப்பதால் ஓர் இரவு தங்கக் கேட்கும் உள்ளூர்க் குடும்பம் என்ன செய்யும் என்பது நியாயமான ஆட்சேபம். அவர்களுக்கு இழப்புதான், வீட்டுக்காரருக்கும் வருமானம் போகிறது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே எழுதிய விதி யாரையும் அவமதிப்பதில்லை. ஒருவருடைய பெயரைப் பார்த்த பிறகு வரும் மறுப்பு அவமதிக்கிறது.

சேதமானால் நிறுவனம் ஈடு தருகிறதே, பிறகென்ன கவலை என்பார்கள் சிலர். 2011-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணின் வீடு சூறையாடப்பட்ட பிறகு 50,000 டாலரில் தொடங்கிய அந்த உத்தரவாதம், மறு ஆண்டே பத்து லட்சம் டாலராகி, 2022-இல் முப்பது லட்சத்துக்கு உயர்ந்தது. ஆனால் விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் ஆதாரத்தோடு கேட்க வேண்டும். அவர் வருவதற்கு முன்பே தேதியோடு எடுத்த படங்கள் இல்லாவிட்டால் வாதம் பலவீனமாகிவிடும். பேச்சு முழுவதும் செயலியின் செய்திப் பகுதியிலேயே நடந்திருந்தால் அதுவும் சாட்சி. பக்கத்து வீட்டாரின் தூக்கத்துக்கோ எந்த ஈடும் கிடையாது. ஒரிண்டாவில் சத்தத்தைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் வீட்டுக்காரரின் கைபேசி எண் இருப்பது எந்தக் காப்பீட்டையும்விட விரைவாக வேலை செய்யும்.

கேமரா வைத்துக் கண்காணிப்பது தீர்வாகாது. 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவை ஏர்பிஎன்பி முற்றிலும் தடைசெய்துவிட்டது. அது சரியான முடிவு. வெளி வாசலில் அறிவித்துவிட்டு வைக்கலாம். சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவியையும், சொல்லிவிட்டு, பொது அறைகளில் வைக்கலாம். அளவு கூடினால் முதலில் மரியாதையான ஒரு செய்தி, பிறகு நிறுவனத்துக்கு அழைப்பு, கைமீறினால் போலீஸ். நள்ளிரவில் தனியாகப் போய்க் கதவைத் தட்டுவது ஆபத்து.

சத்தமே போடாத விருந்தினராலும் பெரிய சிக்கல் வரலாம். 2014-இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 44 நாளுக்குப் பதிந்தவர் ஒருவர் காலி செய்ய மறுத்துவிட்டார். 30 நாளைத் தாண்டியதால் அந்த மாநிலச் சட்டம் அவரைக் குடித்தனக்காரராகவே கருதியது. வீட்டுக்காரர் வெளியேற்ற வழக்கு நடத்த வேண்டிய நிலை. இங்கேயும் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதைவிட முன்பதிவில் எழுதியிருந்த நாள் கணக்குதான் முக்கியம். அந்த மாநிலத்தில் வீடு விடுகிறவர், 30 நாளை எட்டும் எந்தக் கோரிக்கையையும் ஏற்பதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.