நூற்றுக்கு இருபது முளைத்தால் போதுமாம்!

புதுதில்லி: நெல் விதை சான்று பெற, நூற்றுக்கு 80 விதைகளாவது முளைத்தாக வேண்டும். கால்நடைத் தீவனமான கினியாப் புல்லுக்கோ 20 முளைத்தால் போதும். மத்திய அரசு வகுத்துள்ள விதைச் சான்றளிப்புத் தரம் இவ்வளவுதான்.

முளைக்காத எண்பதின் சுமை பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லைப் பகுதிகளின் சிறு பால் உற்பத்தியாளர்கள் தலையில் விழுகிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை, 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அடுத்துள்ள விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. மாட்டுத் தீனிப் பிரச்னைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. தென்னையும் ரப்பரும் போக எஞ்சும் சில சென்ட் நிலத்தில், நிழலைத் தாங்கி வளரும் கினியாப் புல்லே இங்கு ஏற்றது.

விதையென்றால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3 கிலோ போதும். விதையை நம்ப இயலாததால் விவசாயிகள் வேர்க்கரணைகளை நடுகின்றனர். 50-க்கு 30 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 66,000-க்கும் மேற்பட்ட கரணைகள் தேவை. அவற்றைப் பிரித்துச் சுமந்து நடும் கூலியை எந்தச் சான்றிதழும் கணக்கில் கொள்வதில்லை.

புல்லின் இயல்பும் இதற்குக் காரணம். ஒரே கதிரில் வெவ்வேறு நாள்களில் பூக்கிறது. முற்றிய மணி உதிர்ந்துவிட, அறுவடையில் பதரே மிகுகிறது. புதிய விதை உறக்க நிலையிலிருப்பதால் சில மாதங்கள் இருப்பு வைத்த பின்னரே நன்கு முளைக்கும்.

இனக்கலப்பால் இதைத் திருத்துவதும் எளிதன்று. கினியாப் புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருவதால் சந்ததி தாயின் நகலாகவே அமைகிறது. பாலினப் பெருக்கமுடைய செடிகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட பின்னரே கலப்புக்கு வழி பிறந்தது. பிரேசில் அந்த வழியில் வெகுதூரம் சென்றுவிட்டது. உதிர்ந்து முற்றிய மணிகளைத் தரையிலிருந்து கூட்டிச் சேர்க்கும் முறையும் அங்குண்டு.

இங்கோ ஜான்சி புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும், திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி மையமும் பணியாற்றியும், ரகத் தேர்வில் பசும்புல் விளைச்சலுக்கே முதலிடம். நாட்டின் பசுந்தீவனப் பற்றாக்குறை 35.6 சதவீதம் என ஜான்சி நிறுவனமே 2013-இல் மதிப்பிட்டது. அதிக விளைச்சல் தரும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை மாற்றாகக் காட்டுவோர் உண்டு. அது மலட்டுப் பயிர், விதையே தராது. அதற்கும் கரணைதான் சுமக்க வேண்டும்.