வாயிற்காவலரும் நம் பிள்ளைகளும்

செஞ்சி, மரக்காணம், விக்கிரவாண்டி முதலிய ஊர்களிலிருந்து காலையில் பேருந்தேறி, விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் சென்று பயிலும் பிள்ளைகள் நம் பங்குக் குடும்பங்களில் பலர். இவ்விரு நகரங்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரிகளும் உண்டு. ஆகவே அப்பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று மாலை நிகழ்ந்த கொடுமை நமக்குத் தொலைவான செய்தி அன்று.

அருகில் பிரியாணிக் கடை நடத்தி வந்த ஒருவன் வளாகத்துள் நுழைந்து, மாணவி ஒருவரை அச்சுறுத்திப் பாலியல் வன்கொடுமை செய்தான். அம்மாணவி துணிந்து முறையிட்டதால் வழக்கு நடந்தது. 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் அவனுக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்கவேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது.

அது காவலற்ற இடமன்று. மதில் இருந்தது, சீருடைக் காவலர் இருந்தனர், காவல்துறை ஆணையர் அப்போது அறிவித்தபடி, 70 கண்காணிப்புக் காமிராக்களில் 56 இயங்கிக்கொண்டிருந்தன. எனினும் அந்நியன் ஒருவனுக்கு உள்ளே வேண்டிய நேரமும் தனிமையும் கிடைத்தன.

நம் பகுதிக் கல்லூரிகளையும் எண்ணிப் பாருங்கள். வாயிற்காவலருக்கு இடப்படும் பணி என்ன? கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதா என்று பார்ப்பது, தாமதமாய் வருவோரைத் தடுப்பது, முதல்வரின் கார் வரும்போது எழுந்து நிற்பது. நூலகத்தின் பின்புறமும், விடுதிச் சுவரோரமும் விளக்கேற்றும் வேளைக்குப் பின் நடந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலும் முதியவர், பன்னிரண்டு மணி நேரப் பணி, சொற்ப ஊதியம். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

சட்டம் இவ்வளவு எளிதாய் விட்டுவிடவில்லை. தனியார் நிறுவனங்கள் வழியாக அமர்த்தப்படும் காவலர்க்கென 2005-இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி அவர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதைக் கடவாதவராகவும் இருத்தல் வேண்டும்; அவருடைய முன்நடத்தை விசாரிக்கப்பட வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பையும் 60 மணி நேரக் களப் பயிற்சியையும் கூறுகின்றன. தம் கண்முன் கொடுங்குற்றம் புரிபவனைப் பிடித்துப் போலீசாரிடம் ஒப்படைக்கக் குடிமகன் எவருக்கும் உரிமை உண்டு. இதைக் காவலர் எத்தனை பேருக்கு எவரேனும் சொல்லிக்கொடுத்திருப்பர்?

ஆபத்து எப்போதும் மதிலேறி வருவதுமில்லை. 1986-இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்னும் மாணவி கொலையுண்டார். கொன்றவன் உடன் பயின்ற மாணவன். தானே பூட்டிக்கொள்ளும் கதவுகளை விடுதியிலிருந்தோரே முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தனர். அவருடைய பெற்றோர் அயராது உழைத்ததன் பயனாக, வளாகக் குற்றங்களை ஆண்டுதோறும் வெளியிடக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1990-இல் அங்கே பிறந்தது.

நம்மவர் சேர்க்கையின்போது கட்டணத்தையும் பேருந்து வசதியையும் மட்டுமே விசாரிக்கின்றனர். மாலை ஆறு மணிக்குப் பின் வளாகத்தைச் சுற்றிவருபவர் யார், பிள்ளை அஞ்சினால் அழைக்கவேண்டிய எண் எது, முறையீடு கேட்கும் குழுவில் இருப்போர் யாவர் என்றும் கேட்கலாம். இன்னும் ஒன்று கேட்டால் நிர்வாகத்தார் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கேளுங்கள்: செல்வாக்குள்ள ஒருவரின் மகனை நிறுத்தி விசாரிக்கும் காவலர், மறுநாளும் அதே வாயிலில் வேலையில் இருப்பாரா?