அம்பாசடர் காரின் டைமிங், கார்புரேட்டர் கோளாறுகள்

அம்பாசடர் என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை தயாரித்த கார் ஆகும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே இதன் மூலம். இதன் பழைய பெட்ரோல் வண்டிகளில் 1489 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ளது. அதில் தீப்பொறி பாயும் நேரத்தை, அதாவது டைமிங்கை, டிஸ்ட்ரிபியூட்டரும், காற்று–பெட்ரோல் கலவையைக் கார்புரேட்டரும் தீர்மானிக்கின்றன.

ஒரே அறிகுறி, இரு காரணங்கள்

இழுவைக் குறைவு, எஞ்சின் சூடேறுதல், நின்ற நிலையில் அணைந்துபோதல் ஆகியவை இரு பகுதிகளாலும் ஏற்படும். எனவே டைமிங் பிசகிய வண்டியில் கார்புரேட்டரைத் திருகினால் இரண்டும் கெடும். மின்பகுதியை முதலிலும் கார்புரேட்டரைக் கடைசியிலும் பார்ப்பதே முறை.

டைமிங் சரிபார்த்தல்

தீப்பொறி மிக முந்தினால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும் ஓசை எழும்; அது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும். மிகப் பிந்தினால் இழுவை குறைந்து, புகைப்போக்கி அதிகம் சூடாகும்.

1. பாயின்ட் இடைவெளியைச் சுமார் 0.4 மி.மீ. ஆக வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே இதைச் செய்யாமல் டைமிங்கைத் தொடக்கூடாது. பாயின்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்றிப் பார்க்கலாம்.
2. முதல் சிலிண்டரை அழுத்த வீச்சுக்குக் கொண்டுவந்து, கப்பிக் குறியைக் கையேடு கூறும் பாகையில் நிறுத்த வேண்டும்.
3. டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய கம்பி முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும்.
4. டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெதுவாகத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்க வேண்டும்.

தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக் கம்பிகள் இரண்டு இடம் மாறினாலும் எஞ்சின் உதறும்.

எஸ்யூ கார்புரேட்டர்

பழைய அம்பாசடர்களில் பெரும்பாலும் எஸ்யூ வகை கார்புரேட்டர் இருக்கும். இதன் உள்ளே உள்ள பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். சிக்கினால் சுத்தம் செய்ய வேண்டும். மேல்மூடித் தண்டில் மெல்லிய எண்ணெய் இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்கும்.

எஞ்சின் சூடானபின் பிஸ்டனைச் சுமார் 1 மி.மீ. தூக்கிப் பார்க்கலாம். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் போனால் குறைவு. சற்றே கூடி அடங்கினால் கலவை சரி. பிளக் முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு நிறம் சரியானது.

காவிரிப் படுகையில் கவனிக்க வேண்டியவை

பூதலூர், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்து வண்டி கிளம்பாமல் போகலாம். மூடியையும் கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பும். சம்பா அறுவடைத் தூசு காற்று வடிகட்டியை அடைத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படலாம். குழாயை ஆறவிட்டால் சரியாகும்.

2023 முதல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டிகளைப் பாதிக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அமைப்பில் கலவை சற்று மெலிகிறது. அது ஈரத்தையும் ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். குழாய்களை மாற்றி, டைமிங்கைச் சரிபார்த்த பிறகே கலவையைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

பிற்கால 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வண்டிகளுக்கு இந்த அளவுகள் பொருந்தா. அவற்றுக்குரிய கையேட்டையே பின்பற்ற வேண்டும்.