ஆபரேட்டர் என்று எழுதி, தொட்டிக்குள் இறக்குகிறார்கள்

"எஸ்.டி.பி. ஆபரேட்டர் தேவை. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமோ. தங்குமிடம், சாப்பாடு உண்டு." ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பேருந்து நிலையச் சுவரிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மாதிரி விளம்பரங்களை நாம் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நம் தெருக்களிலிருந்து இந்த வேலைக்குப் போன பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால் கைவிரல் போதாது. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், நம் மாவட்டத்துத் தோல் தொழில் சுத்திகரிப்பு நிலையங்கள் என்று எங்கும் இருக்கிறார்கள்.

ஏன் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அப்பாவோ அம்மாவோ நகராட்சியில் துடைப்பம் பிடித்தவர். பிள்ளை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ படித்துவிட்டு வருகிறான். 'ஆபரேட்டர்' என்ற சொல் அவனுக்குப் பெரிய சொல். கழுத்தில் அடையாள அட்டை, எதிரே பேனல் போர்டு, கையில் பதிவேடு. பெண் பார்க்கப் போன இடத்தில் வாய் குழறாமல் சொல்லலாம். அந்தச் சொல்லை நாம் கேலி செய்யமாட்டோம். அந்தச் சொல்லுக்குரிய வேலையை, அந்தச் சொல்லுக்குரிய கூலியை, அந்தச் சொல்லுக்குரிய பாதுகாப்பைக் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்கிறோம்.

வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். இந்தப் பத்தியை மாணவர்களும் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இது பாடம்கூட.

சுத்திகரிப்பு நிலையம் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வளர்க்கும் இடம். கழிவுநீர் முதலில் இரும்புக் கம்பி வலை வழியாக வரும். துணி, பிளாஸ்டிக், நாப்கின், முடி எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு சேகரிப்புத் தொட்டி. அங்கிருந்து காற்றூட்டும் தொட்டி. ப்ளோயர் இயந்திரம் அடியிலிருந்து காற்றை ஊத, அந்தக் காற்றில் மூச்சுவிட்டுக்கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன. தின்று பெருத்தவை கசடாகத் திரண்டு அடுத்த தொட்டியில் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த கசடில் ஒரு பங்கைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பதில்லையா, அதுபோல. இந்த முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்குச் சொன்னார்கள். நூறு ஆண்டு கடந்தும் உலகத்து நகரங்களில் பெரும்பகுதி இதன்மீதே நிற்கிறது.

இதில் ஆபரேட்டரின் கண்ணும் மூக்கும்தான் முதல் கருவி. தொட்டி நீர் சாக்லேட் நிறத்தில் இருந்து, மழை பெய்த மண்போல வாசம் வந்தால் உயிர்கள் நலமாக இருக்கின்றன. கறுத்து நாறினால் காற்று போதவில்லை. வெள்ளை நுரை பொங்கினால் உயிர்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு, அல்லது யாரோ சோப்புத் தண்ணீரை அளவில்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் அளவுச் சாடியில் தொட்டி நீரைப் பிடித்து, அசையாமல் 30 நிமிடம் வைத்து, கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தினமும் குறிக்க வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது இருக்க வேண்டும். சில மணி நேரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் உயிர்கள் மூச்சுத் திணறத் தொடங்கும். அவற்றை மீட்டு எடுக்க நாள்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். மாவு புளித்த பதத்தை மூக்கால் அறிகிற நம் அம்மாக்களின் அறிவும், வேதியியல் ஆய்வகத்தின் அறிவும் சேர்ந்த வேலை இது.

இப்படிப்பட்ட வேலையைச் செய்பவரைத்தான் பல இடங்களில் 'எஸ்.டி.பி. பையன்' என்று கூப்பிடுகிறார்கள். நாற்பது வயதானாலும் பையன்தான்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்டுப் போனால் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கச் சொல்வார்கள். இதனால் நகரங்களில் எஸ்.டி.பி. பெருகியது. நல்லதுதான், ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிற சாக்கடை குறையும். ஆனால் பல கட்டடங்களில் இதை எங்கே வைத்திருக்கிறார்கள்? காற்றும் வெளிச்சமும் வராத அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே. அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவில் ஒரே ஆள். மேல் மாடியில் இருப்பவருக்கு அப்படி ஒருவர் கீழே இருப்பதே தெரியாது. நாற்றம் வந்தால் மட்டும் தெரியும். உடனே புகார் போகும்.

நிலையத்துக்குள்ளும் ஒரு ஊர், ஒரு சேரி உண்டு. ஆய்வகத்தில் சோதனைக்குழாய் பிடிப்பவர் ஒருவர். பேனல் போர்டைத் தொடுபவர் ஒருவர். கம்பி வலையில் மாட்டிய நாப்கினைக் கையால் உருவுபவர் வேறொருவர். ஐ.டி.ஐ. சான்றிதழ் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். யாருக்கு எந்த வேலை என்பது சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் விசாரித்து முடித்த கையோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் முடிவாகிவிடுகிறது. "உனக்குப் பழக்கம்தானே" என்ற ஒரு வாக்கியம் போதும். எந்தப் பழக்கம்? அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து படித்ததைத் தவிர வேறெதுவும் செய்திருக்கமாட்டான்.

நமஸ்தே திட்டத்தின்கீழ் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது 2024-இல் வெளியான விவரத்தில் ஏறத்தாழ 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். சாதி பார்த்து வேலை தருவதில்லை என்று மேடையில் சொல்பவர்கள் இந்த 69-க்கு ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி உயிரைப் பற்றி.

மோட்டார் அடைத்துக்கொண்டால் யாராவது தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்று ஆகிறது. காற்றில்லாத தொட்டியில் தேங்கிய மலக்கசடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். காற்றைவிடச் சற்றுக் கனமானது, கீழேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாறும். அளவு கூடிப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற நிலைக்கு வந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் சாவின் நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000-ஐத் தொட்டால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். அசையாமல் கிடக்கும் கசடைக் காலால் கலக்கினாலே அடைபட்ட வாயு குபுக்கென்று வெளிவரும். எனவே மேலே நின்று மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது சோதனையே ஆகாது. கைக்குட்டையோ துணி முகக்கவசமோ இந்த வாயுவை ஒரு நொடிகூடத் தடுக்காது. ஒருவர் விழுந்ததும் அண்ணனோ நண்பனோ தூக்கப் பாய்வார்; அவரும் விழுவார். இரண்டு சாவு, மூன்று சாவு என்று செய்தி வருவது இதனால்தான்.

நம் மாவட்டங்களில் இது இன்னும் கொடியது. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பிறகு பதனிடும் கட்டத்தில் அமிலம். சல்பைடு கலந்த கழிவும் அமிலக் கழிவும் ஒரே தொட்டியில் சந்தித்தால் பாக்டீரியா வந்து வாயு உண்டாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே விஷம் கிளம்பும். தோல் ஷாப் தொட்டியில் இறங்கிய ஆள் ஏறவில்லை என்ற செய்தி நம் ஊர்களுக்குப் புதிதல்ல.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத தோல் தொழிற்சாலைகள் ஓட முடியாது என்றானது. பாலாற்றுக்காகப் போராடியவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அன்று தொடங்கிய பேச்செல்லாம் ஆற்றையும் கிணற்றையும் நிலத்தையும் சுற்றியே வந்தது. அந்த நீரைச் சுத்தம் செய்கிறவன் மூச்சைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில், தோல் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடுக்குள் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் தொழிலுக்கு நம் சனம் போதாதென்று இன்னொரு மாநிலத்து ஏழையையும் கொண்டுவந்து அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம். 2015 திருத்தம் இதைச் சேர்த்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம்.

நிறுவனத்துக்காரர்கள் இங்கே ஒரு இடுக்கு தேடுகிறார்கள். "இது சாக்கடையும் இல்லை, செப்டிக் டேங்கும் இல்லை, எஸ்.டி.பி. அவரும் துப்புரவாளர் இல்லை, ஆபரேட்டர். அந்தச் சட்டம் இங்கே வராது." பார்த்தீர்களா, மரியாதையாகக் கொடுத்த பெயர் எங்கே வந்து உதவுகிறது! ஆனால் சட்டம் செப்டிக் டேங்கை வரையறுக்கும்போது அதன் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. மனித மலத்தைப் பெற்றுத் தேக்கி, பாக்டீரியாவால் சிதையவிடும் நீர்க்கசிவற்ற தொட்டி என்று அதன் வேலையைத்தான் பார்க்கிறது. கட்டடத்தின் அடியில் இருக்கும் சேகரிப்புத் தொட்டி செய்வது வேறென்ன? அதே ஆண்டு வந்த விதிகள், உறிஞ்சுகிணற்றின் அடியில் பொருத்திய மோட்டாரை எடுக்க ஆள் இறங்குவதையும் பாதுகாப்புக் கருவியோடு மட்டுமே நடக்க வேண்டிய விதிவிலக்காகத்தான் வைத்திருக்கின்றன. அது ஆபரேட்டரின் அன்றாட வேலை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆள் இறங்க வேண்டுமா வேண்டாமா என்பது தொட்டி கட்டும் அன்றே முடிவாகிவிடுகிறது. மோட்டாரை அடியில் போல்ட் போட்டு இறுக்கினால், ஒவ்வொரு அடைப்புக்கும் ஒருவன் இறங்கியாக வேண்டும். அதையே மேலிருந்து அடிவரை இரண்டு குழாய்களை நிறுத்தி, அவற்றில் சறுக்கி இறங்கித் தானே இணைகிற மாதிரி பொருத்தினால், மேலே நின்று சங்கிலியைப் பிடித்து இழுத்தால் மோட்டார் வந்துவிடும். 'கைடு ரயில்' என்பார்கள். மோட்டார் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான். பளிங்குத் தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் ஒதுக்கிய கட்டடத்தில் இந்த இரண்டு குழாய்களுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டதை மறதி என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு: பணி ஆணையை எழுத்தில் வாங்குங்கள், அதில் 'ஆபரேட்டர்' என்று இருக்கட்டும். வருங்கால வைப்பு நிதிக்கான யூ.ஏ.என். எண்ணைக் கேட்டு, மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று கைபேசியில் பாருங்கள். 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளமென்றால், சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. உங்கள் உரிமை. ஒப்பந்ததாரர் கட்டவில்லை என்பது சாக்காகாது. முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. வாயு அளக்கும் கருவி எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கச் சொன்னால், "எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட அங்கே யாரும் துணியமாட்டார்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். மேலிருந்து கயிறு, 112, தீயணைப்புத் துறை. சொந்த அண்ணன் விழுந்து கிடக்கும்போது இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறோம்.

2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் சமூகத்தின் பிரதிநிதிகளும், பெண்கள் உட்பட, அதில் உறுப்பினர்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டக் குழுக்களுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே மனுவை அனுப்பலாம். கல்லூரி மாணவர்களே எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். கேள்விகள் இவை: குழு கடைசியாகக் கூடிய தேதி எது? மாவட்டத்தில் எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள், அவற்றில் எத்தனை ஆபரேட்டர்கள்? எத்தனை தொட்டிகளில் ஆள் இறங்காமல் மோட்டாரை வெளியே எடுக்க முடியும்? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததை, வராவிட்டால் வரவில்லை என்பதை, இதே பத்தியில் எழுதுவோம்.