மேகம் மூடிய மலைப்பாதை

அலாஸ்காவின் கெச்சிக்கன், ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். சொகுசுக் கப்பலில் வரும் பயணிகள் இங்கே இறங்கி, தண்ணீரில் மிதக்கும் குட்டி விமானங்களில் ஏறி மிஸ்டி ஃபியோர்ட்ஸ் மலைகளைச் சுற்றிப் பார்ப்பார்கள். 2015 ஜூன் 25 அன்று அப்படிப் போன ஆட்டர் ரக விமானம் திரும்பும் வழியில் ‘எல்லா’ என்ற ஏரிக்கருகே மலையில் மோதியது. விமானியும் 8 பயணிகளும் இறந்தார்கள்.

ஊர் திரும்ப இரண்டு வழிகள் இருந்தன. கடல் கால்வாய்களை ஒட்டிய வழி சில நிமிடங்கள்தான் கூடுதல். மேகம் இறங்கினாலும் கீழே தண்ணீர்தான் இருக்கும். விமானி தேர்ந்தெடுத்தது மலைகளுக்கு நடுவே போகும் குறுக்கு வழியை. கண்ணால் பார்த்தே ஓட்ட வேண்டிய பயணம் அது. மேகத்துக்குள் நுழைந்ததும் மலை மறைந்துவிட்டது.

மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி விமானத்தில் இல்லாமலா? இருந்தது. ஆனால் எச்சரிக்கை அணைக்கப்பட்டிருந்தது. தரையிலிருந்து 700 அடிக்குக் கீழே வந்தாலே அது கத்தும். சட்டமோ 500 அடி வரை தாழப் பறக்க அனுமதிக்கிறது. நாள் முழுக்கக் கத்தும் கருவியை யார்தான் அணைக்காமல் இருப்பார்கள்? கப்பல் புறப்படும் நேரத்துக்குள் பயணிகளைச் சேர்க்கும் நெருக்கடியையும், மோசமான வானிலையிலும் பறந்தே தீரும், விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் போக்கையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

2021 ஆகஸ்டில் அதே மலைகளில், அதே போன்ற மேகமூட்டத்தில், இன்னொரு சுற்றுலா விமானம் விழுந்து 6 பேர் இறந்தார்கள்.