தீக்குச்சி மரத் தோப்பும் பன்னிரண்டு மாதமும்

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மறு ஆண்டே இங்குத் தொழில் தொடங்கியது. குச்சிக்கு வேண்டிய மென்மரம் நெடுங்காலம் பெரும்பாலும் கேரளத்திலிருந்தே வந்து இறங்கியது. அதே குச்சிக்கு ஏற்ற மரம் ஒன்று நம் வறண்ட நிலத்திலும் வளரும். பெருமரம் என்பது அதன் பெயர். இலையைக் கசக்கினால் வீசும் வாடையால் ஊர்ப்புறத்தில் வேறொரு பெயரும் அதற்கு உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம். தீக்குச்சி மரம் என்றால் போதும்.

நம் பங்கு மக்களில் பலருக்கு ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மானாவாரி நிலம் இருக்கிறது. குடும்பமே ஆலை வேலைக்குப் போவதால் நிலம் தரிசாகி, சீமைக் கருவேல் ஏறிவிடுகிறது. அந்த மரத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் விறகும் கரியும் கொடுத்து எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது அதுதான். ஆனாலும் அதே நிலத்தில் நல்ல மரம் நிற்குமானால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஒரு வழி பிறக்கும். "நட்டுவிட்டால் போதும், ஏழெட்டு ஆண்டில் பணம்" என்று சொல்பவர்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். மரத்துக்கும் மாதந்தோறும் வேலை உண்டு.

முதலில் மண். வடிகால் உள்ள செம்மண்ணும் சரளை மண்ணும் பெருமரத்துக்கு உகந்தவை. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கனத்த கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கரிசல்காரர்கள் வேம்பு, நாட்டுக் கருவேல் என்று போவதே நல்லது.

நம் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைப்பது சுமார் 800 மில்லி மீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. தோப்புக்காரரின் நாட்காட்டி இதை ஒட்டியே அமைய வேண்டும். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் மர வரிசைகளுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட்டால் அடுத்து வரும் மழை ஓடாமல் மண்ணில் இறங்கும். வைகாசி, ஆனியில் இறகு போன்ற காய்கள் முற்றும். இந்த விதை சில மாதங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே சேகரித்த கையோடு நாற்றங்காலில் போட்டுவிட வேண்டும். அப்படிப் போட்டால் ஐப்பசிக்குள் கன்று நடும் பருவத்துக்கு வந்துவிடும். ஆடிக் காற்றில் இளங்கன்றுகள் சாயும் என்பதால் முட்டுக் குச்சி கட்டுவது அவசியம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் செப்டம்பர் முதல் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான இறைவேண்டல் நாளாக அறிவித்தார். அன்று கன்று நடும் வழக்கம் நம் பங்குகளில் பரவியிருக்கிறது. நம் பகுதியில் அது பருவ மழைக்கு ஒரு மாதத்துக்கும் மேல் முந்தியது. தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் அன்று குழிகளை மட்டும் வெட்டி, மட்கிய எரு இட்டு ஆறப்போடுங்கள். கன்றை ஐப்பசி மழையில் நடலாம். படம் எடுத்துக்கொள்ளக் குழியும் நன்றாகத்தான் இருக்கும்!

மழைக் காலத்திலும் மழை ஓய்ந்த பிறகும் இலைகளைப் பாருங்கள். கூடு பின்னி இலையைத் தின்னும் புழுக்கள் பெருமரத்துக்குப் பெரும் எதிரி. தொடக்கத்திலேயே கண்டால் கூட்டோடு கிள்ளி அழித்துவிடலாம். தாமதித்தால் மரமே மொட்டையாகிவிடும். தையில் ஈரம் காக்கத் தூரைச் சுற்றிச் சருகு பரப்பி மூடாக்கு இட வேண்டும். தண்டு நேராக நீள, கீழ்க் கிளைகளைக் கழிப்பதும் அப்போதுதான். கழித்த தழையை ஆடுகள் விரும்பித் தின்னும். அதனாலேயே இளங்கன்றுகளுக்கு வேலி வேண்டும்.

மாசி, பங்குனியில் அச்சம் தீயைப் பற்றியது. கொட்டகையைச் சுற்றிக் காய்ந்த புல் கிடக்கக் கூடாது என்பது பட்டாசு ஆலைக்குப் போகும் நம் மக்களுக்குத் தெரியாததல்ல. தோப்புக்கும் அதையே செய்யுங்கள். எல்லையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தைப் புல் இல்லாமல் செதுக்கி வைத்தால், சாலையோரத்தில் யாரோ வீசிய பீடித் துண்டின் நெருப்பு உள்ளே வராது. மூடாக்கையும் அந்த எல்லைப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

வெட்டும் காலத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வீட்டில் திருமணமோ மருத்துவமனைச் செலவோ வந்ததும் தரகரிடம் முழுத் தோப்பையும் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். பெருமரத்தின் வெண்மையான கட்டை வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த கட்டைக்கு விலை குறையும் என்பது தரகருக்குத் தெரியும். எனவே ஆலையிடம் முன்பே பேசி, அவர்கள் எடுக்கும் அளவுக்கு மட்டும், பருமனான மரங்களாகப் பார்த்து வெட்ட வேண்டும். மரங்கள் நிற்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் முன்னதாகவே பதிந்து வைத்திருந்தால் விற்கும்போது சிக்கல் குறையும்.

அடிமரத்தைத் தரையை ஒட்டி, மழைநீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். வலுவான ஒரு தளிரை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். பூக்கும்போது காய்ப்பவை எவை என்று பார்த்து நான்கைந்து மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இடுவதும் நல்லது. பெருமரத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் தனித்தனி. தெரியாமல் பெண் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டவர் அடுத்த வைகாசியில் விதைக்கு வேறொருவர் தோப்புக்குத்தான் போக வேண்டியிருக்கும்.